வீட்டுக் கணினியில் ரவுட்டர் ஆய்வுகூடம்: ஜி.என்.எஸ். 3 பற்றிய என் மதிப்பீடு

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் எங்கள் வீட்டில் இருக்கும் மேசைக் கணினி புதியதல்ல. கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை வாங்கி வந்தோம். நான்காம் தலைமுறை ஐ5 முறைவழியாக்கியும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட அந்தக் கணினியில், பின்னர் நினைவகத்தை 16 ஜிபியாக உயர்த்தி ஓர் எஸ்.எஸ்.டி.யும் பொருத்தி, கடந்த ஒன்பது மாதங்களாக, வலையமைப்புகளை இணைத்துத் தரவுக்கு வழிகாட்டும் ரவுட்டர்களைக் கணினிக்குள்ளேயே இயக்கிப் பார்க்க உதவும் ஜி.என்.எஸ். 3 மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். என் வேலைக்காகத் தொடங்கிய முயற்சி இது, ரவுட்டர் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. என்னும் வலையமைப்புப் பரீட்சைக்குப் படிக்கும் என் சித்தியின் மகன் மாலை நேரங்களில் வந்து உட்காரத் தொடங்கிய பிறகு, இது இருவருக்கும் பொதுவான ஆய்வுகூடமாகிவிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வலையமைப்புத் துறையைக் கற்க வாரம்தோறும் கண்டிக்கோ கொழும்புக்கோ பயணம் செய்கிறார்கள். அங்கும் ஓர் உண்மையான ரவுட்டரைத் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது சில மணி நேரமே. அதனால்தான் இந்த மென்பொருளை விரிவாக மதிப்பிட விரும்புகிறேன்.

ஜி.என்.எஸ். 3 ஓர் இலவச, திறந்த மூல மென்பொருள். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோப் ஃபியோ 2005 இல் எழுதத் தொடங்கிய டைனமிப்ஸ் என்னும் நிரல், சிஸ்கோ ரவுட்டரின் வன்பொருளைச் சாதாரணக் கணினியில் அப்படியே உருவாக்கிக் காட்டியது. அதற்கு ஒரு வரைபட முகப்பைக் கொடுக்கும் நோக்கில் ஜெரமி குரோஸ்மன் தொடங்கிய பணி 2008 இல் ஜி.என்.எஸ். 3 ஆக வெளிவந்தது. இன்று அது டைனமிப்ஸோடு நிற்காமல், கணினிக்குள் வேறு அமைப்புகளை ஓட்டும் கியூ.ஈ.எம்.யூ., டொக்கர் ஆகிய நிரல்களின் வழியாகப் பல நிறுவனங்களின் ரவுட்டர்களை ஒரே திரையில் இணைக்கிறது. இங்கே ஓடுவது ரவுட்டரைப் போல நடிக்கும் நிரல் அன்று, ரவுட்டரின் சொந்த மென்பொருளே. சிஸ்கோவின் பயிற்சி நிரலான பக்கெட் ட்ரேசர், தான் அறிந்த கட்டளைகளுக்கு மட்டும், தான் அறிந்த விதத்தில் பதில் சொல்லும். ஜி.என்.எஸ். 3 இல் நாம் ஒரு தவறு செய்தால், அலுவலகத்து ரவுட்டர் எப்படித் தவறாக நடந்துகொள்ளுமோ அப்படியே இதுவும் நடந்துகொள்ளும். இந்த மென்பொருளின் பெறுமதி முழுவதும் அந்தப் பிழைகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நிறுவும் கட்டத்தில் பொறுமை வேண்டும். முதல் வாரத்தில் மனம் தளர்ந்து விட்டுவிட்டவர்கள் இருவரை எனக்கே தெரியும். விண்டோஸ் கணினியில் முகப்பு நிரலோடு சேர்த்து, ஜி.என்.எஸ். 3 வி.எம். என்னும் மெய்நிகர் லினக்ஸ் கணினியையும் பதிவிறக்கி, வி.எம்.வெயார் அல்லது வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் இயக்க வேண்டும். கோப்பு பெரியது. நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் தரவு ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி இரண்டு இரவுகளில் இறக்கினேன். அதை இயக்கியதும் நீலத் திரையில் தோன்றும் தகவல்களில் ஒரு வரியை மட்டும் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும்: லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கே.வி.எம்.முக்கு ஆதரவு உண்டா இல்லையா என்று கூறும் வரி. என் கணினியில் அது ‘ஃபோல்ஸ்’, அதாவது இல்லை, என்று காட்டியது. அந்த நிலையில் ரவுட்டர்கள் ஒன்றில் தொடங்கவே மாட்டா, அல்லது ஒரு கட்டளைக்குப் பதில் வரும்வரை தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்னும் அளவுக்கு மெதுவாக ஓடும்.

காரணம் இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, கணினியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயோஸில் வி.டி.-எக்ஸ் என்னும் மெய்நிகராக்க வசதி அணைக்கப்பட்டிருந்தது. பழைய அலுவலகக் கணினிகளில் இதைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். அதை இயக்கிய பிறகும் ‘ஃபோல்ஸ்’ மாறவில்லை. இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மாலைப்பொழுதுகள் போயின. விண்டோஸின் பாதுகாப்பு அமைப்புகளில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ இயங்கிக்கொண்டிருந்ததால், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க நிரலான ஹைப்பர்-வி, முறைவழியாக்கியின் அந்த வசதியை முன்கூட்டியே தன் வசம் எடுத்துக்கொண்டு, மெய்நிகர் கணினிக்குள் அது போய்ச் சேராமல் தடுத்துவிட்டது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2 நிறுவியிருந்தாலும் இதே தடை வரும். மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கியபோது ‘ட்ரூ’, அதாவது உண்டு, என்று வந்தது. வேர்ச்சுவல்பொக்ஸ் பயன்படுத்துபவர்கள் 6.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை வைத்திருக்க வேண்டும். ஐந்தாம் தலைமுறை முதலான இன்டெல் முறைவழியாக்கிகளில் மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓடவிடும் வசதி அதில்தான் வந்தது. நான் நான்கு மாதங்களுக்குப் பிறகு உபுண்டுவுக்கே மாறிவிட்டேன். லினக்ஸில் இடையில் ஒரு மெய்நிகர் கணினி தேவைப்படுவதில்லை. அதே 16 ஜிபியில் ஏறக்குறைய இரு மடங்கு ரவுட்டர்களை ஓட்ட முடிகிறது. வீட்டில் ஒரு கணினியை இதற்கென்றே ஒதுக்கக்கூடியவர்கள் முதல் நாளிலேயே லினக்ஸில் தொடங்குவது நல்லது.

அடுத்த கேள்வி, ரவுட்டர் மென்பொருளை எங்கே பெறுவது என்பது. ஜி.என்.எஸ். 3 இலவசம், ஆனால் அது ஒரு வெற்று மேசை மட்டுமே. சிஸ்கோவின் ரவுட்டர் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். கோப்புகள் அதனோடு வருவதில்லை. அவற்றைப் பெறச் சிஸ்கோவின் உரிமம் தேவை. பென் டிரைவில் கைமாறித் திரியும் கோப்புகளை என்னிடமும் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை, வாங்குமாறு யாருக்கும் சொல்லவும் மாட்டேன். உரிமையோடு கற்க நல்ல வழிகள் இருக்கின்றன. மைக்ரோடிக் நிறுவனத்தின் சி.எச்.ஆர். என்னும் மெய்நிகர் ரவுட்டரை இலவச உரிமத்தில் காலவரையின்றி வைத்திருக்கலாம். ஓர் இடைமுகத்தில் வெளிச்செல்லும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்பதே அதற்குரிய கட்டுப்பாடு. படிப்பவருக்கு அது ஒரு தடையே அல்ல. எஃப்.ஆர்.ஆர். என்னும் திறந்த மூல ரவுட்டிங் மென்பொருள் முழுக்க இலவசம், அதன் கட்டளைகள் சிஸ்கோவின் கட்டளைகளை மிகவும் ஒத்திருப்பதால் சி.சி.என்.ஏ. மாணவருக்குக் கை பழகிவிடும். வயோஸ் என்னும் ரவுட்டர் இயங்குதளத்தையும் இதே வரிசையில் சேர்க்கலாம். சிஸ்கோவேதான் வேண்டும் என்றால், அவர்களின் மொடலிங் லாப்ஸ் என்னும் ஆய்வுகூட மென்பொருள், 5 சாதனங்கள் வரை இலவசமாகக் கிடைக்கிறது. தனிநபருக்கான கட்டணப் பதிப்பு நான் பார்த்தபோது ஆண்டுக்கு 199 டொலர். நம் பணத்தில் அது அறுபதாயிரம் ரூபா அளவில் வரும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தொகை.

நாங்கள் அமைத்த முதல் வலையமைப்பில் ஐந்து ரவுட்டர்கள். அவற்றுக்கு ஆர்1, ஆர்2 என்று பெயரிடாமல், நாம் பஸ்ஸில் போய்வரும் ஊர்களின் பெயர்களையே வைத்தோம். அட்டனிலிருந்து தலவாக்கலை, அங்கிருந்து நுவரெலியா. நுவரெலியாவிலிருந்து இறங்கிக் கம்பளை, நாவலப்பிட்டி வழியாக மீண்டும் அட்டன் என்று ஒரு வட்டம். நுவரெலியாவிலும் கம்பளையிலும் எஃப்.ஆர்.ஆர்., மற்ற மூன்றிலும் மைக்ரோடிக். ஒவ்வொன்றுக்கும் 256 மெகாபைட் நினைவகம் போதுமானதாக இருந்தது. எல்லாவற்றிலும் ரவுட்டர்கள் தமக்குள் பாதைத் தகவலைப் பகிரும் நெறிமுறையான ஓ.எஸ்.பி.எஃப்., எல்லாம் ஒரே பிரிவில் (ஏரியா 0), எல்லா இணைப்புகளுக்கும் சமமான கொஸ்ட் (பாதைச் செலவு). மண்சரிவில் தலவாக்கலைப் பாதை மூடினால் அட்டனிலிருந்து எப்படி நுவரெலியாவுக்குப் போவோம் என்பது என் தம்பிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாற்றுப்பாதை என்னும் கருத்தை அவன் புத்தகத்தில் படித்ததைவிட இந்த வட்டத்தில் மிக விரைவாகப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, கம்பளையும் நுவரெலியாவும் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன. “அண்ணே, பிங் போகுது தானே, பிறகு ஏன் ரூட் வரல்ல?” என்று அவன் கேட்டான். பிங் என்பது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை. அயல் ரவுட்டர்களைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தால், ‘ஃபுல்’ (உறவு முழுமை) என்று வர வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ (இன்னும் தொடக்கக் கட்டம்) என்று நின்றது. நேரம் போகப்போகவும் அது நகரவில்லை. இரு ரவுட்டர்களுக்கும் இடையிலான கோட்டின் மேல் வலது சொடுக்குச் செய்து, தரவுப் பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலைத் திறந்தோம். கேபிளுக்குள் ஓடுவதை அப்படியே பார்க்க விடுவது ஜி.என்.எஸ். 3 இன் மிகச் சிறந்த வசதி. உண்மையான சாதனங்களில் இதைச் செய்யத் தனி ஏற்பாடு வேண்டும். திரையில், தன்னிடமுள்ள பாதைத் தகவலின் பட்டியலை அயலாருக்கு அறிவிக்கும் டி.பி. டிஸ்கிரிப்ஷன் பொதிகள் ஐந்து நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. ஒரு பொதியை விரித்துப் பார்த்தபோது நுவரெலியா தன் எம்.டி.யூ. (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொதியின் உச்ச அளவு) 1500 என்று அறிவித்திருந்தது. கம்பளையின் பொதியில் 1400. முந்திய நாள் வேறொரு பயிற்சிக்காக நான் மாற்றிய எண், திருப்பி வைக்க மறந்துபோனது. தன்னால் ஏற்க முடிந்ததைவிடப் பெரிய எம்.டி.யூ.வை அறிவிக்கும் பொதியைக் கம்பளை ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டது. பிங் சிறிய பொதி என்பதால் அது மட்டும் சிரமமின்றிப் போய்வந்தது. எண்ணை 1500 ஆக்கிய சில நொடிகளில் ‘ஃபுல்’ வந்தது. இந்தப் பிழையைப் பற்றி நான் முன்பு பல தடவை வாசித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

இணைப்புகளின் மேல் வைக்கக்கூடிய பொதி வடிகட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவற்றைக் கொண்டு ஓர் இணைப்பில் தாமதத்தையும் இழப்பையும் நாமே கூட்டலாம். தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் இழப்பை நூறு சதவீதமாக வைத்தபோது, இரு ரவுட்டர்களும் கேபிள் நலமாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தன. அட்டனில் இருந்த மெய்நிகர் கணினியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பிங் அரை நிமிடத்துக்கும் மேலாக நின்றுபோய், பிறகு நாவலப்பிட்டி, கம்பளை வழியாகத் தானாகவே மீண்டது. தான் உயிரோடு இருப்பதை அறிவிக்கும் ஹலோ பொதி பத்து நொடிக்கு ஒன்று, நாற்பது நொடி வரை வராவிட்டால்தான் அயலார் இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும் என்னும் விதியைத் தம்பி கைக்கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தான். பின்னர் இரு பக்கத்திலும் ஹலோவை ஒன்றாகவும் டெட் நேரத்தை நான்காகவும் குறைத்தபோது தடங்கல் சில நொடிகளாகச் சுருங்கியது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அயலுறவே அறுந்துவிடும் என்பதையும் அப்போதே கண்டுகொண்டோம்.

குறைகளும் உண்டு. முகப்பின் பதிப்பும் வி.எம். இன் பதிப்பும் இம்மியளவும் மாறுபடக் கூடாது. ஒன்றை மட்டும் மேம்படுத்திவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக இழந்தேன். ஒரே வலையமைப்புக்குள் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் தொடர்பான பாடங்களுக்கு இது பலவீனமானது. சிஸ்கோ கட்டலிஸ்ட் சுவிட்ச்களின் வேலையைச் செய்வது தனிச் சில்லுகள் என்பதால் டைனமிப்ஸால் அவற்றை உருவாக்க இயலாது. வீலான், ஸ்பானிங் ட்ரீ போன்ற சுவிட்ச் பாடங்களைப் படிப்பதற்கு நாங்கள் இன்றும் பக்கெட் ட்ரேசரையே திறக்கிறோம். டைனமிப்ஸ் பயன்படுத்துவோர் ரவுட்டர் வேலையின்றி இருக்கும் நேரத்தை அடையாளம் காட்டும் ஐடில்-பி.சி. மதிப்பைக் கணிக்காமல் விட்டால், ஒரே ரவுட்டர் முறைவழியாக்கியின் ஒரு கருவை (கோர்) முழுமையாக விழுங்கிவிடும். கொட்டகலைக் குளிரிலும் விசிறி இரைவதைக் கேட்கலாம்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் மின்சாரம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியோடு மின்சாரமும் போய்விடும். மைக்ரோடிக் நாம் கொடுக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் சேமித்துக்கொள்ளும், எஃப்.ஆர்.ஆர்.க்கு ‘ரைட் மெமரி’ என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாததால் இரண்டு மணி நேர வேலை ஒரு மின்னலோடு போனது. அதன் பிறகு ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்கினேன், இந்த ஆய்வுகூடத்தை மலையகத்தில் அமைப்பவர்கள் அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

ஐ.பி. முகவரியையே இன்னும் பிரித்துப் பழகாத மாணவர், இரண்டு மூன்று மாதங்கள் பக்கெட் ட்ரேசரில் இருந்துவிட்டு இதற்கு வருவது நல்லது; நேராக வந்தால் நிறுவும் சிக்கலும் பாடத்தின் சிக்கலும் ஒன்றாகக் கலந்து குழப்பும். ரவுட்டிங்கைத் தொட்டுவிட்டவர்கள், வேலைக்குப் போகத் தொடங்கியவர்கள், இணையத்தின் பெரிய வலையமைப்புகளுக்கிடையிலான நெறிமுறையான பி.ஜி.பி. வரை போக நினைப்பவர்கள் தாமதிக்க வேண்டியதில்லை. உலாவியிலேயே எல்லாவற்றையும் செய்ய விரும்புபவர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த ஈ.வி.ஈ.-என்.ஜி. மென்பொருளின் இலவசப் பதிப்பும் தகுதியான தெரிவே. வயர்ஷார்க்கை எளிதாகத் திறக்க முடிவதாலும் பொதி வடிகட்டிகளாலும் நான் ஜி.என்.எஸ். 3 இலேயே தங்கிவிட்டேன்.

தலவாக்கலையில் படிக்கும் இரு மாணவர்கள் எங்கள் ஐந்து ஊர் வட்டத்தைக் கேட்டார்கள். ஜி.என்.எஸ். 3 ஒரு திட்டத்தை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்துதரும். அப்போது அடிப்படை இமேஜ்களையும் (ரவுட்டர் மென்பொருள் கோப்புகளையும்) சேர்ப்பதா என்று கேட்கும். அதைச் சேர்க்காமல் விட்டால் கோப்பு சிறிதாகி, கையடக்கத் தொலைபேசியிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் பெறுபவரின் கணினியில் அதே பதிப்பு சி.எச்.ஆர்., எஃப்.ஆர்.ஆர். இரண்டும் முன்கூட்டியே இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் கம்பளையின் எம்.டி.யூ.வை மீண்டும் 1400 ஆக்கினேன். அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன், பிழை எங்கே என்று மட்டும் சொல்லவில்லை.