மண்புழு உரமா, கடலைப் புண்ணாக்கா?

மாடித்தோட்டத்துக்கு இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான் மண்புழு உரத்தைத்தான் சொல்வேன். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 முதல் 2 சதவீதம்தான். கடலைப் புண்ணாக்கிலோ சுமார் 7 சதவீதம். ஆனால் தொட்டி மண்ணுக்குச் சத்து மட்டும் போதாது. தினமும் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் இறுகிப்போகும். மண்புழு உரம் கலந்த மண்ணைக் கையில் பிடித்து விட்டுப் பாருங்கள், பொலபொலவென்று உதிரும். ஈரமும் நிற்கும். இளநாற்றின் வேரை ஒட்டிப் போட்டாலும் வேர் கருகாது.

புண்ணாக்கை அப்படிப் போட முடியாது. தூளாகத் தூவினால் எறும்பு வரிசைகட்டும், வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, நுரைத்துப் புளித்ததும் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். நாற்றம் உண்டு, பக்கத்து வீட்டு ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

சரி, பலன்? தழைச்சத்து இல்லாமல் வெளுத்த கீரை சீக்கிரமே பச்சை பிடிக்கும். அந்த வேகம் மண்புழு உரத்துக்குக் கிடையாது. கத்தரி, மிளகாய்க்குப் புண்ணாக்குத் தண்ணீரைப் பூக்கும்வரை கொடுங்கள். அப்புறமும் தாராளமாக ஊற்றினால் இலைதான் தழைக்கும், காய் குறையும்.