மடியில் வைத்துக் குத்துவதா, கேட்ட பிறகு குத்துவதா?

மூத்தவளுக்குப் பதினொன்றாம் மாதம், குலதெய்வக் கோயிலில் மொட்டையோடு காதும் குத்தினோம். சின்னவளுக்கு எட்டு வயதில், அவளே கேட்ட பிறகு. இரண்டு தடவையும் பக்கத்திலேயே இருந்தேன்.

கைக்குழந்தையிலேயே குத்திவிடச் சொல்பவர்களின் முதல் காரணம், வலி நினைவில் இருக்காது என்பது. இருக்காதுதான். ஆனால் வலிக்குமே! மூத்தவள் தாய்மாமன் மடியில், சந்தனப் பொட்டு வைக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் காதில் கம்பி ஏறியதும் வீறிட்டாள். அடுத்த காதுக்கு மூன்று பேர் தலையைப் பிடித்தோம். அழும்போது வாய்க்குள் பாதி வாழைப்பழம் அப்படியே இருந்தது, புரையேறிவிடுமோ என்று பயந்தேன்.

தடுப்பூசியும் கேட்காமல்தானே போடுகிறோம் என்பார்கள். தடுப்பூசி உயிரைக் காக்கிறது, தோடு காக்கவில்லை. மொட்டையாவது வளர்ந்துவிடும். பையன்களுக்கும் குத்துகிறோம், பள்ளிக்குப் போனதும் கழற்றிவிடுகிறோம், ஓட்டை தூர்ந்துபோகிறது. அந்த அழுகை யாருக்காக?

மருத்துவப் பக்கம் அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. சுத்தமாகக் குத்தினால் எந்த வயதிலும் ஆபத்து குறைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் அதைத்தான் சொல்கிறது. கூடவே, பிள்ளை தானே காதைப் பார்த்துக்கொள்ளும் வயதுவரை பொறுக்கச் சொல்கிறது. சின்னக் குழந்தை தோட்டின் திருகைக் கழற்றி வாயில் போட்டுக்கொள்ளும் என்பதும் ஒரு காரணம். குழந்தைக்கே குத்துவதானால் 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடியட்டும். குடும்பத்தில் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால், ரொம்பவும் தள்ளிப்போடாமல் 11 வயதுக்குள் முடிப்பது நல்லது. எந்த வயதானாலும் முதலில் தங்கம்தான். கவரிங்கில் இருக்கும் நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்ளாது.

காத்திருப்பதில் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். மூத்தவள் விழாவில் என் அப்பா பந்தியில் நின்று பரிமாறினார். சின்னவள் விழாவுக்கு அவர் இல்லை. "பெரியவங்க இருக்கும்போதே நடத்திடுங்கப்பா" என்று அத்தைமார் சொல்வதை வெறும் வற்புறுத்தல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஆனால் மாமன் சீரும் பந்தியும் எட்டு வயதிலும் குறையவில்லை. குழந்தை வயதில் மொட்டையை மட்டும் போட்டு, எல்லோரையும் கூட்டிச் சோறு போட்டிருக்கலாம். அது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, கருத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையின் பேச்சைக் காதில் வாங்கச் சொல்கிறது. பதினொரு மாதக் குழந்தையிடம் கேட்க வழியில்லை. எட்டு வயதில் கேட்கலாம், அது போதும் எனக்கு.

சின்னவள் முதல் காது முடிந்ததும் "இன்னொண்ணு வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள். உறவினர்கள் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. ஆசாரியும் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அரை மணி நேரம் ஒற்றைக் காதில் கம்பியோடு கோயிலைச் சுற்றினாள். அப்புறம் மாமன் கையைப் பிடித்து இழுத்துவந்து, அவர் மடியில் ஏறி, மறு காதைக் காட்டினாள்.