நார்வேயில் கேம்பர்வேன் எடுப்போர் கவனத்திற்கு: மலிவான நாள் வாடகைக்குப் பின்னால் வந்த கட்டணங்கள்

நார்வேயில் கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) எடுத்துக் குடும்பத்தோடு சுற்றிவர எண்ணுவோர் நாள் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் வசிக்கும் நாங்கள், கடந்த கோடையில் ஆஸ்லோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு சிறிய நிறுவனத்திடம், மற்ற இடங்களைவிடக் கணிசமாகக் குறைந்த வாடகைக்கு ஒரு வண்டியை எடுத்தோம். பயணம் முடிந்து எல்லாப் பிடித்தங்களையும் கூட்டிப் பார்த்தபோது, விலை அதிகம் என்று நாங்கள் முதலில் விலக்கி வைத்த நிறுவனத்தின் வாடகையையும் தாண்டிய தொகை எங்களிடமிருந்து போயிருந்தது.

முதல் ஏமாற்று வண்டியின் நீளத்தில் இருந்தது. ஆறு மீட்டருக்கு உட்பட்ட வண்டி என்று விளம்பரத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். நார்வேயின் மேற்குப் பகுதியில் ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் நீட்சிகள்) குறுக்கிடும் இடங்களில் சாலை நின்றுவிடுகிறது. அங்கிருந்து வண்டியை ஃபெர்ரியில் ஏற்றித்தான் மறுகரைச் சாலையைப் பிடிக்க வேண்டும். அந்த ஃபெர்ரிகளில் கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. ஆறு மீட்டரைத் தாண்டினால் அடுத்த கட்டண வகுப்புக்குப் போய்விடும். கேம்பர்வேனாக மாற்றப்படும் ஃபியட் டுகாட்டோ வண்டிகளில் 5.99 மீட்டர் நீளமுள்ளதும் உண்டு, 6.36 மீட்டர் நீளமுள்ளதும் உண்டு. எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது இரண்டாவது வகை. கேட்டதற்கு, "முன்பதிவு செய்த வண்டியோ அதற்கு இணையானதோ கொடுப்போம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது" என்றார்கள். லார்டாலிலிருந்து சொக்ன்டால் போகும் வழியிலுள்ள ஃபோட்னஸ்–மன்ஹெல்லர் ஃபெர்ரியிலும், கெய்ராங்கரைக் கடந்தபின் வரும் ஐட்ஸ்டால்–லிங்கே ஃபெர்ரியிலும் அந்த 36 சென்டிமீட்டருக்காக நாங்கள் உயர்ந்த கட்டணம் செலுத்தினோம்.

சுங்கக் கட்டணத்தில் நடந்தது இதைவிட மோசமானது. நார்வேயில் சுங்கச்சாவடிகளில் யாரும் நின்று பணம் வாங்குவதில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமரா எண்பலகையைப் படம் எடுக்கிறது, கட்டணச் சீட்டு உரிமையாளருக்குப் போகிறது. நம் ஊர் ஃபாஸ்டேக் போல ஆட்டோபாஸ் என்றொரு டேக் உண்டு. சுங்கச் சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து அதைப் பொருத்திய சிறிய வண்டிகளுக்கு 20 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். ஆஸ்லோ போன்ற நகரங்களின் சுங்க வளையத்தில், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை சாவடியைக் கடந்தாலும் டேக் உள்ள வண்டிக்கு ஒரு முறைதான் கட்டணம். எங்கள் வண்டியின் கண்ணாடியில் டேக் ஒட்டியிருப்பதைக் காட்டித்தான் சாவியைக் கொடுத்தார்கள். ஆனால் பல வாரங்களுக்குப் பின் வந்த கணக்கில் தள்ளுபடியும் இல்லை, ஒரு மணி நேரச் சலுகையும் இல்லை. அதோடு, ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனியாக ஒரு "கையாளுதல் கட்டணம்" சேர்க்கப்பட்டிருந்தது. பல இடங்களில் அது சுங்கத் தொகையைவிடப் பெரியது. வாடகை ஒப்பந்தத்தில் அப்படியொரு கட்டணம் உண்டு என்ற வரி மட்டும் இருந்ததே தவிர, எவ்வளவு என்றோ, ஒவ்வொரு கடப்புக்கும் வசூலிக்கப்படும் என்றோ ஒரு சொல்லும் இல்லை. கையெழுத்திடும் முன் இந்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இறுதிக் கணக்கு வரும்போது மொத்தத் தொகையை ஏற்காமல், நாள், நேரம், சாவடி வாரியான பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்த பிறகுதான், ஆஸ்லோவில் சில நிமிட இடைவெளியில் கடந்த இரண்டு சாவடிகளுக்கும் முழுக் கட்டணம் போடப்பட்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

ஹீட்டர் விஷயத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. சொக்னஃபியெல் மலைப்பாதை 1434 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. கோடையின் தொடக்கத்திலும் சாலையோரம் பனி கிடக்கும். இந்த வண்டிகளின் ஹீட்டர் டீசலில் எரிந்தாலும், அதன் விசிறியும் கட்டுப்பாடும் உள்ளிருக்கும் துணை பேட்டரியில்தான் இயங்குகின்றன. எங்கள் வண்டியின் பேட்டரி பழையது. நள்ளிரவுக்கு முன்பே அது தீர்ந்து ஹீட்டர் நின்றுவிடும். சிறு குழந்தையைப் போர்வைகளுக்குள் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. மறுநாள் கிடைத்த பதில், "இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், சார்ஜ் ஏறிவிடும்" என்பதுதான். பேட்டரியை மாற்றித் தரவும் மறுத்தார்கள், பட்டறையில் நாங்களே மாற்றினால் அந்தப் பணத்தைத் தரவும் மறுத்தார்கள். லோம் ஊருக்கு வந்தபின், முகாம் தளங்களில் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய மர அறைகளில் தங்கினோம். தூங்குவதற்கென்று வாடகை கொடுத்த வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அறைக்கு வேறு வாடகை கொடுப்பது, சிக்கனமாகத் திட்டமிட்டு வந்த குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய அடி என்பது சொல்லாமலே புரியும்.

"நார்வேயில் எங்கு வேண்டுமானாலும் இலவசமாக நிறுத்தித் தூங்கலாம்" என்ற அவர்களின் விளம்பர வாசகமும் உண்மையல்ல. 1957ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை, பயிரிடப்படாத திறந்த நிலத்தில் நடப்பதற்கும் கூடாரமடிப்பதற்குமானது. அங்கும், ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சாலையைவிட்டு வண்டியை இறக்க அது அனுமதிப்பதில்லை. வடக்கிலுள்ள லொஃபோட்டன் தீவுகள் போன்ற நெரிசலான பகுதிகளில் இரவு நிறுத்தத் தடை என்ற பலகைகள் நிறையவே உண்டு. தமக்குச் சொந்தமில்லாத நிலத்தை இப்படி விளம்பரத்தில் வாரி வழங்கும் நிறுவனங்களால், அங்கே வாழும் மக்களின் பொறுமையும் தேய்கிறது. ஆகவே முகாம் தளச் செலவாக ஓர் இரவுக்குச் சில நூறு குரோனராவது (நார்வே நாணயம்) ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கூரை விளிம்பில் கீறல் இருப்பதாகச் சொல்லி வைப்புத்தொகை முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். தரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கே படாத இடம் அது. வண்டி எடுத்த அன்று என் மனைவி பின்பக்க ஏணியில் ஏறி நின்று எடுத்த காணொளியில் அதே கீறல் அதே இடத்தில் தெரிகிறது. கூரை, முன்கண்ணாடி, சக்கர வளையம், வண்டியின் அடிப்பகுதி ஆகியவற்றை, நிறுவன ஊழியர் பக்கத்தில் நிற்கும்போதே நாளும் நேரமும் பதிவாகும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காணொளியை வைத்து, கடன் அட்டை வழங்கிய வங்கி மூலம் வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். கையாளுதல் கட்டணம் பற்றிய புகார் ஜெர்மனியின் கேல் நகரிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ நார்வே, ஐஸ்லாந்து நாடுகளிலோ வசிப்பவர்களுக்குத்தான் அந்த மையங்களின் சேவை கிடைக்கும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக வருவோர் வங்கியின் துணையையே பெரிதும் நம்ப வேண்டியிருப்பதால், முன்பணத்தையும் வைப்புத்தொகையையும் வங்கிப் பரிமாற்றமாக அனுப்பாமல் கடன் அட்டையிலேயே செலுத்துங்கள். அதற்கு மறுக்கும் நிறுவனத்திடம் வண்டி எடுக்காதீர்கள்.