கிளிநொச்சியில் வாங்கிய பச்சைப் பட்டாணி விதை: மூன்று விதைப்புகளின் பின்

புரட்டாதி மாதக் கடைசியில் கிளிநொச்சி நகரிலுள்ள ஓர் உரக்கடையில் 20 கிராம் நிறையுள்ள பச்சைப் பட்டாணி விதைப் பைக்கற்று ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கி, வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு வளவில் மூன்று தடவையாக விதைத்துப் பார்த்தேன். வன்னியில் வீட்டுத்தோட்டம் செய்பவர்கள் இந்த விதையை வாங்கலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருப்பதால், நான் கண்டதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

விதை நல்ல விதை. எண்ணிப் பார்த்தபோது 84 இருந்தன. உடைந்ததோ வண்டு துளைத்ததோ ஒன்றுகூட இல்லை. பைக்கற்றில் முளைதிறன் 85 சதவீதம் என்று அச்சிட்டிருந்தார்கள். பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துச் சோதித்ததில் ஒன்பது முளைத்தன. விதையின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் பூஞ்சண மருந்து பூசப்பட்டிருக்கிறது. ஆகவே பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, விதைத்த பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது அவசியம். இந்த எச்சரிக்கை மிகச் சிறிய எழுத்தில் மட்டுமே இருந்தது.

என் குறை முழுவதும் பைக்கற்றின் பின்பக்கத்தில் இருந்த ஒரு வரியைப் பற்றியது. "ஆண்டு முழுவதும் நடலாம்" என்கிறது அந்த வரி. பட்டாணி குளிரை நாடும் பயிர். 13 முதல் 18 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் அது செழிக்கும். வெயில் 27 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பூவும் பிஞ்சும் உதிரத் தொடங்கும். ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டி நிற்கும் நுவரெலியாவில் இருப்பவருக்கு அந்த வரி ஓரளவு பொருந்தலாம். சராசரியே 28 பாகையை ஒட்டி நிற்கும் வன்னியில் அதை நம்பி விதைப்பவர் காசையும் உழைப்பையும் இழப்பார். நமக்கு உள்ளது ஒரே ஒரு வாய்ப்பு: வாடைக்காற்று வீசும் மார்கழியிலும் தையிலும் பூ விரியும்படி நாளைக் கணக்கிட்டு விதைக்க வேண்டும்.

இதை நான் முதல் விதைப்பில் அறிந்திருக்கவில்லை. ஒக்ரோபர் 10 அன்று, பயறுக்குச் செய்வது போல 24 விதைகளை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, சமதரைப் பாத்தியில் ஊன்றினேன். நான்காம் நாள் தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை. முளைத்தவை ஏழு மட்டுமே. மற்றவற்றைத் தோண்டிப் பார்த்தபோது தோல் வெடித்து, உள்ளே பருப்பு கஞ்சியாகக் கரைந்து, விரலில் தொட்டால் புளித்த வாடை அடித்தது. இந்த விதை சுருங்கிய தோலுடையது என்பதே அதற்குக் காரணம். சுருங்கிய பட்டாணியில் மாப்பொருள் குறைவு, சீனி கூடுதல். அதனாலேயே காய் தித்திக்கிறது. ஆனால் அதே சீனி ஈரமண்ணில் கசிந்து, அழுகச் செய்யும் பூஞ்சணத்துக்கு இரையாகிறது. (1856 முதல் 1863 வரை கிரெகோர் மெண்டல் தமது மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வளர்த்துப் பரம்பரை விதிகளைக் கண்டறிந்தபோது கணக்கெடுத்த ஏழு இயல்புகளில், விதை உருண்டையா சுருங்கியதா என்பதும் ஒன்று. அந்த இயல்பு என் பாத்தியில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்யும் என்று நான் எண்ணியதில்லை.) மழைக்காலத்தில் விதைப்பவர்கள் விதையை ஊறவைக்கவே கூடாது. ஊறவைத்தால் பூசிய மருந்தும் கழுவிப்போய்விடும்.

இரண்டாம் விதைப்பு நவம்பர் 18 அன்று. இந்த முறை ஆறு வெற்று உரப்பைகளின் அடியில் துளையிட்டு, சிவப்பு மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பி, பைக்கு ஐந்து விதையாக, ஊறவைக்காமல், ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினேன். மழைத்துளி நேரே விழாதபடி முதல் வாரம் கிடுகைச் சாய்த்து வைத்தேன். ஏழாம் நாள் காலையில் எண்ணியபோது முப்பதில் 26 தலை தூக்கியிருந்தன.

அதன்பின் மயில் வந்தது. வன்னியில் தோட்டம் செய்பவர்களுக்கு மயிலையும் குரங்கையும் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்பது முளைகளை மண்மட்டத்தோடு கொத்திவிட்டுப் போயிருந்தது. "பயிற்றையைப் போட்டிருந்தால் இந்நேரம் ஒரு கடகம் பிடுங்கியிருக்கலாமே, பிள்ளை" என்று அம்மா வருந்தினார். ஆனால் பயிற்றையின் வித்திலைகள், அதாவது விதைக்குள் இருக்கும் இரண்டு பருப்புப் பாதிகள், மண்ணுக்கு மேலே வருவதால், தலையைக் கொத்தினால் கன்று முடிந்துவிடும். பட்டாணியின் வித்திலைகளோ மண்ணுக்குள்ளேயே தங்குவதால், மேலே போனாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் வலு அதற்கு உண்டு. பத்து நாளுக்குள் அந்த ஒன்பதில் ஏழு மீண்டும் துளிர்த்ததைக் கண்டபோது எனக்கும் அம்மாவுக்கும் உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பின்னர் முல்லைத்தீவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த பழைய மீன்வலைத் துண்டைச் சுற்றிக் கட்டினேன். மயில் திரும்ப வரவில்லை.

அதே வலை படரும் கொடிக்கும் உதவியது. முதலில் பயிற்றைக்கு ஊன்றுவது போலச் சீமைக்கிளுவைக் கதியால்களை ஊன்றியிருந்தேன். பயிற்றங்கொடி தண்டாலேயே சுற்றி ஏறும். பட்டாணி அப்படியன்று, இலை நுனியில் நூல் போல நீளும் தந்துகளால் பிடித்துத்தான் ஏறும். அந்தத் தந்து தடித்த கதியாலைத் தொட்டுத் தொட்டு வழுக்கி, பக்கத்துச் செடியின் தந்தோடு பின்னிக்கொண்டு இரண்டும் சேர்ந்து சாய்ந்தன. வலைக் கயிற்றைக் கொடுத்த அன்று மாலைக்குள் ஒரு தந்து இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. ஆகவே பட்டாணிக்கு நூல், வலை, மெல்லிய சுள்ளி ஆகியவற்றில் ஒன்றைத்தான் கொடுக்க வேண்டும்.

உரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவரையினப் பயிர் என்பதால் வேர்முடிச்சு தானாக நைதரசனைச் சேர்க்கும் என்று நம்பியிருந்தேன். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தபோது முடிச்சுகள் மிகச் சில மட்டுமே இருந்தன. கௌப்பிக்கும் பயறுக்கும் நம் மண்ணில் உள்ள பற்றீரியா வேறு, பட்டாணிக்கு வேண்டியது வேறு. எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி கூட்டெரு வைத்தேன். யூரியா போட்டால் இலைதான் பெருகும்.

முதற்பூ 38ஆம் நாள், டிசம்பர் 26 அன்று விரிந்தது. வெள்ளை வெளேரென்று, வண்ணத்துப்பூச்சி சிறகு மடித்தாற்போல இருந்தது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் முதல் தை மாதக் கடைசி வரை நான்கு தடவையாகப் பறித்ததில் 112 காய்கள் கிடைத்தன. உரித்த பட்டாணி 200 கிராமுக்குச் சற்று மேல். குடும்பத்துக்கு இரண்டு நேரக் கறிக்கு இது போதும், அதற்கு மேலில்லை. கடைசிப் பறிப்பின்போது இலைகளில் மாவு தூவியது போல வெண்பூஞ்சணம் படர்ந்துவிட்டது. ஆயினும் அந்தச் சுவைக்காகவே நான் மறுபடியும் விதைப்பேன். பறித்த சில மணி நேரத்திலேயே பட்டாணியின் சீனி மாப்பொருளாக மாறத் தொடங்குவதால், ஏ9 வீதியில் லொறியேறி வரும் காயில் இந்தத் தித்திப்பைக் காண முடியாது. அம்மா தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறி வைப்பதற்குள் பாதியை நாங்கள் பச்சையாகவே தின்றுவிட்டோம்.

மீதமிருந்த 20 விதைகளைப் பைக்கற்றின் வாக்கைச் சோதிப்பதற்காகவே பெப்ரவரி 8 அன்று விதைத்தேன். பதினேழு முளைத்தன, நன்றாக வளர்ந்தன, பங்குனியில் பூத்தன. பூக்கள் காம்போடு உதிர்ந்து பையைச் சுற்றிக் கிடந்தன. கிடைத்தவை நான்கு காய்கள். அவற்றுள்ளும் மணி பிடிக்கவில்லை.

விலையைப் பார்த்து, பலசரக்குக் கடையில் விற்கும் உலர்ந்த முழுப் பட்டாணியை விதைக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அது முளைக்கக்கூடும். ஆனால் பருப்புக்காக வளர்க்கப்படும் மாப்பொருள் மிகுந்த இனம் அது. பச்சையாக உண்ண ஏற்றதன்று.

ஆகவே விதைக்கு ஐந்தில் நான்கு புள்ளியும், பைக்கற்றில் அச்சிட்ட விவரத்துக்கு ஒரு புள்ளியும் தருகிறேன். விதைத்த திகதிகளை எழுதிக் கொண்டுபோய்க் கடைக்கார ஐயாவிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, இனி இந்த விதை கேட்டு வருபவர்களிடம் கார்த்திகையில் மட்டும் நடச் சொல்வதாகக் கூறினார்.

இரண்டு செடிகளின் காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டேன். பட்டாணிப் பூ விரியும் முன்பே தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால், அந்த விதை தாய்ச்செடியைப் போலவே வரும். கிடைத்த 31 விதைகளையும் நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, மூடி இறுகிய போத்தலில் போட்டு, விதைக்க வேண்டிய நாளை அதன் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.