மரவாத்துக் கூட்டுப் பெட்டி: பல பருவம் கடந்து எது தாக்குப்பிடிக்கிறது?

அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்கள் சதுப்புக் காடுகளில் மரவாத்துக்காக (wood duck) வைக்கும் கூட்டுப் பெட்டிக்கு வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஓரடி அகலம், 12 அடி நீளத்தில் இழைக்காத பலகை ஒன்று போதும். அரை நாளில் முடிகிற வேலை. ஆனால் பெட்டி பிழைப்பதும் வீணாவதும் அதைத் தாங்கும் கம்பத்தில்தான் இருக்கிறது.

மரவாத்துக்கு முட்டையிட மரப்பொந்து வேண்டும், ஆனால் தானாகத் துளைக்கத் தெரியாது. பெருமரங்கள் வெட்டப்பட்டு, வேட்டையும் மிஞ்சி, அழியும் நிலைக்குப் போனதால் 1918இல் இதைச் சுடத் தடை வந்தது. 1941இல்தான் மறுபடி அனுமதித்தார்கள். பெட்டி, இல்லாத பொந்துக்கு மாற்று.

தேவதாரு, சைப்ரஸ் பலகைகள் நீண்ட காலம் உழைக்கின்றன. உள்ளே பெயின்ட் வேண்டாம். பிளாஸ்டிக் பெட்டி எடை குறைவு, உளுக்காது. ஆனால் நேர் வெயிலில் கொதிக்கும், தெற்கு மாநிலங்களுக்கு ஒத்துவராது. வாசல் 4 அங்குல அகலம், 3 அங்குல உயரத்தில் நீள்வட்டமாக இருக்கட்டும். மரமேறி முட்டை திருடும் விலங்கான ரக்கூன் பெரிதாக இருந்தால் நுழைய முடியாது. வாசலுக்குக் கீழே உட்புறம் கால் அங்குலக் கம்பிவலை அடிப்பது குஞ்சுகள் ஏறிவர. வலையின் ஓரங்களை மடித்து அடிக்காவிட்டால் கால் கிழியும். அடிப்பலகையில் நான்கைந்து வடிகால் துளைகள்.

உள்ளே 4 அங்குலத்துக்கு மரச்சுருள் போட வேண்டும். வாத்து வெளியிலிருந்து ஒரு துரும்பும் கொண்டுவராது. தன் மார்புத் தூவியை மட்டுமே பிய்த்துப் போடும். சுருளுக்குப் பதில் மரத்தூள் போட்டால் ஈரம் கோத்து இறுகிவிடும்.

இனி கம்பம். மரத்தில் ஆணியடித்து மாட்டிய பெட்டி, ரக்கூனுக்குப் பரிமாறிய தட்டு. உடல் நுழையாவிட்டாலும் கை நுழையும். இரும்புக் கம்பத்தை நீரில் நட்டு, பெட்டிக்குக் கீழே 3 அடி விட்டத்தில் ஜி.ஐ. தகட்டுக் கூம்பு மாட்டுவதே சரி. கூம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அந்த ஊர்ச் சாரைப்பாம்பு அதிலேயே ஏறிவிடும். தகட்டை வெட்டி இறுக்கி அடைக்க வேண்டும். மேலே தொங்கும் கிளை ஒன்று இருந்தாலும் கூம்பு வீண். வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேல் குறைந்தது 3 அடியில் பெட்டி இருக்கட்டும்.

பெரும்பாலானோர் ஏமாறுவது முட்டைக் கணக்கில். ஒரு பெட்டியில் 30 முட்டை என்று மகிழ்வார்கள். ஒரு வாத்து இடுவது சுமார் 12தான். மீதி மற்ற வாத்துகள் போட்டுவிட்டுப் போனவை. அத்தனையையும் அடைகாக்க முடியாமல் கூட்டையே கைவிடுவதும் உண்டு. திறந்த வெளியில் அடுத்தடுத்துப் பெட்டி வைப்பதன் பலன் இது. ஒன்றிலிருந்து மற்றது கண்ணில் படாதபடி மரங்களுக்கிடையே பிரித்து வைத்தால் குறையும். உருண்டையாக, வெள்ளை வெளேரென்று, கெட்டி ஓட்டோடு முட்டைகள் தெரிந்தால் அவை பொந்தில் முட்டையிடும் மற்றொரு வாத்தான கொண்டை மெர்கான்சருடையவை, தொடக்கூடாது. அங்கே அயலிலிருந்து வந்து பொந்துகளைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டார்லிங் பறவையின் கூட்டை மட்டும் தாராளமாக அள்ளி எறியலாம்.

வெற்றியை எண்ண வேண்டியது சுத்தம் செய்யும்போது. குஞ்சு பொரித்த முட்டை, ஓட்டிலிருந்து பிரிந்த தோல்போன்ற சவ்வைச் சுருளுக்குள் விட்டுச்செல்லும். நொறுங்கிய ஓடும் மஞ்சள் கறையும் என்றால் திருடன் வந்து போயிருக்கிறான். குஞ்சுகள் பொரித்த மறுநாளே குதித்துவிடுவதால் அவற்றைக் காண்பது அபூர்வம். கூம்பு இல்லாமல் வருடா வருடம் இந்தக் கறையே தெரிகிற பெட்டியைக் கழற்றிவிடுவது வாத்துக்குச் செய்யும் உபகாரம்.

தெற்கில் ஜனவரிக்குள் சுருள் மாற்றிவிட வேண்டும்; அங்கே ஓராண்டில் இருமுறை குஞ்சு பொரிப்பதால் நடுவிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வடக்கில் குளம் கெட்டியாக உறைந்தபின் பனிமேல் நடந்தே போய் வேலையை முடிக்கிறார்கள். அதே பனிக்கட்டிதான் கம்பத்தைத் தூக்கிச் சாய்த்தும் விடும். உருகியதும் படகில் போய் நிமிர்த்தி, கூம்பின் திருகாணிகளை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும்.