ஃபேமிலி: சண்டை முடிந்த பிறகு
'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற விண்வெளி டிவி தொடரின் நான்காம் சீசனில் இரண்டாம் எபிசோட் இது, 1990 அக்டோபரில் வந்தது. மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடையும் நான்காம் சீசனின் முதல் எபிசோடையும் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். இல்லாவிட்டால் 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திர எதிரிக் கூட்டம் விண்கப்பலின் கேப்டன் பிகார்டின் உடலையும் அறிவையும் பறித்து, அவரைக் கொண்டே அவர் ஆட்களைக் கொன்ற கனம் பிடிபடாது.

கப்பல் பழுதுபார்ப்பில் நிற்க, பிகார்ட் பிரான்சில் அண்ணன் ராபர்ட்டின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார். கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜ் ஒரு காட்சியில்கூட இல்லை, டேட்டா என்ற ஆண்ட்ராய்டு பாத்திரமும் இல்லை. துணிச்சலான முடிவு!

அண்ணன் வேண்டுமென்றே சீண்ட, இருவரும் சேற்றில் கட்டிப் புரள்கிறார்கள். முதலில் சிரிப்பு. அதே மூச்சில் அது அழுகையாக உடைகிறது. தடுக்க முயன்றும் தனக்கு வலு போதவில்லை என்று சேறு அப்பிய முகத்தோடு விம்முகிறார் பிகார்ட். பிகார்டாக வரும் பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் ஆகச்சிறந்த நடிப்புகளில் ஒன்று. ராபர்ட் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்வதில்லை. இது நெடுநாள் கூடவே இருக்கும், இதோடு வாழப் பழகு என்கிறார். ஒரே வாரத்தில் கேப்டனைக் குணப்படுத்தாத அந்த நேர்மைக்காகவே பார்க்கலாம்.

கப்பலின் கிளிங்கான் (வேற்றுக்கிரக இன) அதிகாரி வோர்ஃபின் வளர்ப்புப் பெற்றோர் வரும் கிளைக்கதை நெகிழ வைக்கிறது. கப்பல் டாக்டரின் மகன் வெஸ்லி தன் இறந்த அப்பாவின் ஹாலோகிராம் செய்தியைப் பார்க்கும் பகுதிக்குத்தான் நேரம் போதவில்லை.