மொபில் 1 ஈஎஸ்பி 5டபிள்யூ-30: டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காரில் 18,000 கிலோமீட்டர்

மேடவாக்கம் வீட்டிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸ் எட்டு கிலோமீட்டர். வழியில் பையனை ஸ்கூலில் விட ஒரு நிறுத்தம். இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் ஒரு முறை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணுவேன். வாரத்தில் ஐந்து நாளும் இதுதான் ஓட்டம். என் கார் 999 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். இந்த மாதிரி குட்டி ஓட்டம் இந்த மாதிரி இன்ஜினுக்கு ஆகாது என்பதை ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

2023ல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கார். முதல் ஆயில் சேஞ்சை ஒரு ஒர்க்‌ஷாப்பில் செய்தேன். பேரலில் இருந்து பிடித்து ஊற்றினார்கள். "ஃபுல் சிந்தெடிக்தான் மேடம்" என்றார்கள். பில்லில் 'இன்ஜின் ஆயில் 4 லி' என்று மட்டும் இருந்தது. நாலாயிரம் கிலோமீட்டர் போனதும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது! ஆயில் குறையும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஏறும் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டேன். நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையம், கிட்டே கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெட்ரோல் கலந்துடுச்சும்மா. இன்ஜின் சூடாகாமலே ஓட்டுறீங்க. பீய்ச்சுற பெட்ரோல் ஆவியாகாம சிலிண்டர் சுவத்துல பட்டு, ரிங் வழியா கீழ இறங்கிடுது." அப்படி இறங்கும் பெட்ரோல் ஆயிலை நீர்க்க வைக்கும். ஏற்கெனவே மெலிந்த ஆயில் என்றால் டர்போ பேரிங்குக்கு மிஞ்சுவது என்ன?

அன்றைக்குத்தான் மேனுவலை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 என்று அச்சடித்திருந்தது. முன்னது ஆயிலின் பிசுக்கைச் சொல்லும் கிரேடு, பின்னது ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம் வகுத்த தரம். இந்த சி3 என்ற இரண்டு எழுத்துக்குள் நிறைய இருக்கிறது. 150 டிகிரிச் சூட்டில் வேகமாக அரைபடும்போதும் ஆயிலின் பிசுக்கு 3.5 மில்லிபாஸ்கல்-நொடிக்குக் கீழே போகக் கூடாது. சல்பேட்டட் ஆஷ், அதாவது எரிந்த பின் மிஞ்சும் சாம்பல், 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. புகைப்பாதையில் வடிகட்டி வைத்த கார்களுக்கு இது முக்கியம். அந்தச் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிட்டால் புகைக்கரியைப் போல எரித்துப் போக்க முடியாது. கேனின் முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் 'ஃபுல்லி சிந்தெடிக்' இதில் எதையும் சொல்லாது.

அடுத்த விஷயம்தான் எனக்குப் பயம் தந்தது. தாழ்ந்த ஆர்பிஎம்மில், டர்போ அழுத்தம் ஏறி நிற்கும்போது, பெட்ரோல் கலந்த ஆயில் துளி ஸ்பார்க் வருவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். எல்எஸ்பிஐ என்பார்கள். பலமாக வெடித்தால் பிஸ்டனே உடையும். வேளச்சேரி மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து ஏறுகிறவள் நான். ஆயிலில் கலக்கும் கால்சியம் டிடர்ஜென்ட் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது, மெக்னீசியம் கூட்டுவதில்லை என்று கண்டுபிடித்த பிறகு கலவைகளையே மாற்றினார்கள். அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் தரங்களில், எல்எஸ்பிஐயைக் கருதி 2018 மே மாதம் எஸ்என் ப்ளஸ் வந்தது, 2020 மே மாதம் எஸ்பி வந்தது. 2025 மார்ச் முதல் எஸ்க்யூவும் வந்திருக்கிறது. வெறும் எஸ்என் என்று மட்டும் போட்ட பழைய ஸ்டாக்கை எத்தனை தள்ளுபடியில் கொடுத்தாலும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு வாங்காதீர்கள். இப்போது நான் பாலத்துக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறங்கிவிடுகிறேன்.

சி3, எஸ்பி இரண்டும் சேர்ந்து இருக்கிற 5டபிள்யூ-30 தேடித்தான் மொபில் 1 ஈஎஸ்பியில் வந்து நின்றேன். ஃபோக்ஸ்வாகன் 504 00, மெர்சிடிஸ் 229.51 ஒப்புதல்களும் இதற்கு உண்டு. 'அப்ரூவல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கார் கம்பெனியே சோதித்துக் கையெழுத்து போட்டதுதான் அப்ரூவல். 'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்' என்று எழுதியிருந்தால் அது ஆயில் விற்கிறவர் தானே சொல்லிக்கொள்வது.

மூன்று முறை போட்டாயிற்று. மேனுவல் 15,000 கிலோமீட்டர் வரை விடுகிறது, நான் 6,000த்தில் மாற்றிவிடுகிறேன். பெட்ரோல் கலப்பது நிற்கவில்லை. எந்த ஆயிலும் அதை நிறுத்தாது. ஆனால் மாதம் ஒரு தடவை திண்டிவனம் அம்மா வீட்டுக்குப் போய் வந்தால், அந்த நீண்ட ஓட்டத்தின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, மறுநாள் காலை மட்டம் பழைய இடத்துக்கு இறங்கியிருக்கிறது. விரலில் தேய்த்தால் 5,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் பிசுக்கு இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வரும் கரகர சத்தம் இரண்டு நொடியில் அடங்கிவிடுகிறது. பேரல் ஆயிலில் தெருமுனை வரை கூடவே வரும். மைலேஜில் மாற்றம் இல்லை. ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் புகைக்கரி அதிகம் என்பதால் அப்படித்தான்.

இன்டேக் வால்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய முறை இன்ஜினில் பெட்ரோல் வால்வின் மேல் பட்டுக் கழுவிக்கொண்டே இருக்கும். இதில் கழுவ ஆளில்லை. ஆயில் ஆவி வந்து படிந்து கரியாகிவிடும். 52,000 கிலோமீட்டரில் அண்ணன் குட்டி கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார். பால் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி, வால்வுத் தண்டைச் சுற்றிக் கறுப்புப் பொருக்கு. வால்நட் ஓட்டுப் பொடியைக் காற்றில் அடித்து எடுத்தார்கள், பிக்கப்பில் இருந்த தடுமாற்றம் போனது. ஆவியாகும் அளவு குறைந்த ஆயில் இதை மெதுவாக்கும், தடுக்காது. கேனைக் காட்டி 'இது போட்டால் கார்பனே பிடிக்காது' என்று சொல்கிற கடைக்காரரை நம்பாதீர்கள். சி3யில் ஆவியாதல் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த ஆவியாதலை நோவாக் (Noack) அளவு என்று டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நான் வாங்குவது ஜி.பி. ரோட்டில், பில் போட்டு, சீல் உடையாத கேன். மூடி வளையமும் பேட்ச் எண்ணும் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். ஊற்றும்போது கூடவே நிற்பேன். காலிக் கேனை அப்படியே விட்டுவராமல் ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஓட்டை போட்டுவிடுவேன். நல்ல கேன்களைத் தேடி வாங்கி லூஸ் ஆயில் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

விலை கூடுதல்தான். 6,000த்துக்கு ஒரு முறை நாலு லிட்டர் என்றால் பர்ஸ் உணரும். தினமும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஒரே ஓட்டமாகப் போகிறவர்கள் என்னைப் போல அவசரமாக மாற்ற வேண்டியதில்லை, மேனுவல் சொல்லும் கெடுவே போதும். மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருந்தால் இந்த ஆயிலை வாங்க வேண்டாம். அந்த கிரேடிலேயே எஸ்பி அல்லது எஸ்க்யூ போட்டதைத் தேடுங்கள்.